நாலு கேன்

ஜாக்கி வைத்து முன் சக்கரத்தைத் தூக்கினால்
கதவு சாத்தாது.
இறக்கினால் சாத்தும்.
கான்டெஸாவின் நோய் இவ்வளவுதான்.

எஞ்சினைத் தாங்க முன்னே ஒரு சட்டம்,
அச்சைத் தாங்கப் பின்னே ஒன்று.
நடுவே, ஆள் உட்காரும் இடத்தில்,
வெறும் தகரம்.
ஓட்டேரியில் வேகத்தடை ஏறும்போதெல்லாம்
நடு முதுகில் ஒரு முனகல்.
மகாராணிக்கு இடுப்புப் பிடிப்பு
என்பான் செல்வின்.

பகலெல்லாம் ரயில் பெட்டித் தொழிற்சாலையில்
மற்றவர்கள் போட்ட வெல்டிங்கில்
குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறேன்.
சொந்த வண்டியின் அடிவயிற்றை
ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

அயனாவரத்தில் தஸ்தகீர் ஷெட்.
குழிக்கு மேல் வண்டி, நாலு சக்கரமும் தரையில்.
"தூக்கி வச்சுப் பத்த வச்சா
தொங்கின கோணல்லயே பூட்டிக்கும் மேடம்.
அது தன் கால்ல நிக்கணும்,
அப்புறம்தான் நெருப்பு."

லோகு பேட்டரி ஒயரைக் கழற்றினான்.
கார்ப்பெட்டைச் சுருட்டினான். அடியில்
ஒரு ஹேர்ப்பின், எலியட்ஸ் பீச் மணல்,
எழுத்து அழிந்த டோல் ரசீது,
உருகி ஒட்டிக்கொண்ட இருமல் மிட்டாய்.
பெட்ரோல் குழாய்மேல் ஈரச்சாக்கு.
கம்பி பிரஷ் தேய்க்கத் தேய்க்கத் தார்ப்பூச்சு உதிர்ந்து
வெள்ளத்தில் நின்ற வருடத்தின் துரு
குழிக்குள் மிளகாய்ப்பொடியாய் இறங்கியது.

மூன்றுக்கு இரண்டு அங்குலப் பெட்டிக்குழாய், இரண்டு.
சாக்பீஸ் கோடு. பிறகு தஸ்தகீர் கேட்டார்:
"உங்க வெயிட்டு எவ்ளோ?"
ஐம்பத்தெட்டு என்றேன்.
அவர் என்னைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தார்.
அறுபத்தாறு என்றேன்.
மூன்று தண்ணீர் கேன், ஒரு பழைய ஸ்டார்ட்டர் மோட்டார்
என் சீட்டில் ஏறின.

"பக்கத்து சீட்டு?"

கல்யாணத்தன்று எழுபத்தொன்பது.
அடையாறில், கடைசி வாரம்,
இரண்டு நர்ஸுகள் பிடித்து நிறுத்திய தராசில்
நாற்பத்தொன்று.
லோகு கேனைத் தோளில் வைத்தபடி நின்றான்.
நாலு, என்றேன்.

முதலில் மூலைக்கு ஒரு புள்ளி.
பிறகு விரல் நீளம் இடப்பக்கம்,
விரல் நீளம் வலப்பக்கம்,
ஆறவிட்டு மறுபடி.
ஒரே மூச்சில் ஓட்டினால் தகரம் கோணிக்கொள்ளும்.
குழியிலிருந்து நீலம் வெட்டி வெட்டி எழுந்தது.
ஒவ்வொரு வெட்டுக்கும்
கேன்களுக்குள் தண்ணீர் திடுக்கிட்டது.

டீ வந்த நேரம் டார்ச்சோடு நானே இறங்கினேன்.
பின் முனையில், கூரை பார்த்த தையலில்,
பல் டாக்டர் கண்ணாடியில் மட்டும் தெரியும்படி
குண்டூசித் தலையளவு மூன்று ஓட்டை.
விரலால் காட்டினேன்.
தஸ்தகீர் பேசவில்லை, கிரைண்டர் பேசியது.
இரண்டாம் முறை போட்டதில்
நான் முத்திரை குத்தியிருப்பேன்.

ஜாக்கி வைத்தோம்.
முன் சக்கரம் எழுந்தது,
பின் சக்கரமும் கொஞ்சம் யோசித்தது.
கதவைத் தள்ளினேன்.
டப்.

துத்தநாக பிரைமர் வாடை. துண்டுச்சீட்டில் பில்.
என் பக்கக் கேன்களை லோகு இறக்கினான்.
ஏழு மணிக்குக் கொன்னூர் நெடுஞ்சாலை.
வேகத்தடை.
ஒன்றுமில்லை.
அடுத்தது.
ஒன்றுமில்லை.
முனகல் இருந்த இடத்தில்
காதை வைத்துக்கொண்டே ஓட்டினேன்.

சிக்னலில் இடப்பக்கம் ஏதோ சாய்ந்தது.
கை நீட்டி
சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினேன்.

வீடு சேருமுன் போன்.
"மேடம், கேன் நாலு குறையுதே?"
தெரியும் என்றேன்.
டெபாசிட் எவ்வளவு?