அந்த உறையில் ஜனவரி இல்லை

டொலிடோவில் ஒரு இரட்டை வீடு.
மாடியில் இரவு ஷிஃப்ட் நர்ஸ்,
கீழே வெர்னான் ப்ரூயிட், இரண்டு பூனைகள்.
ஒப்பந்தத்தில் ஒரு பூனைதான்.

வாங்கும் முன்
பழைய உறையின் முதுகில் கணக்குப் போட்டேன்:
வாடகையில் தவணை போக, வரி போக
மாதம் இருநூற்றுப் பத்து டாலர் மிச்சம்.
இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.
அந்த உறையில் ஜனவரி இல்லை.

நேற்றிரவு பதினொன்றே காலுக்கு ஃபோன்.
"ஹீட்டர் நின்றுவிட்டது, மிஸ் ஹாலோரன்.
அவசரமில்லை" என்றார்,
பற்கள் தந்தியடிக்க.

என் படுக்கையறையின் சின்ன ஹீட்டரைப்
பிடுங்கிக்கொண்டு பனியில் ஓட்டிப் போனேன்.
பத்திரம் என் பெயரில்.
சாவி என் கோட்டுப் பையில்.
ஆனாலும் கதவைத் தட்டிவிட்டு
வெளியே நின்றேன்,
கைமாற்றுக் கேட்க வந்தவள் போல.

தொப்பியோடு திறந்தார்.
உள்ளே சுவரெல்லாம்
என்னைக் கேட்காமல் அடித்த மஞ்சள்.
நன்றாகத்தான் இருந்தது.
சொல்லவில்லை.

காலையில் மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினான்:
ஆயிரத்து எண்ணூறு.
மனசுக்குள் வகுத்தேன்.
எட்டரை மாத மிச்சம்.

"காப்பி?" என்றார் வெர்னான்.
உட்கார்ந்தேன்.
என் ஹீட்டரின் முன்னால்
மூன்றாவது பூனையொன்று
சோம்பல் முறித்தது.