பப் எங்கே இருக்கு?

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில்
ஆட்டோக்காரரிடம் நான் கேட்டது அவ்வளவுதான்.
ஹாலன் என்று கண்ணாடியில் எழுதியிருந்தது.
யோசித்தார். மஃப்ளரை அவிழ்த்துக் கட்டினார்.
"நல்லதா வேணுமா அக்கா?"
நல்லதாகத்தான் வேண்டும்.
மூன்று வளைவு, ஒரு மேடு,
காட்டெருமை ஒன்று ரோட்டைக் கடக்கும்வரை நிறுத்தம்,
கடைசியில் ஒரு பேக்கரி வாசலில் இறக்கினார்.
"முட்டை பப்ஸ் இங்கேதான் சூடா இருக்கும்."

பதினெட்டு வருஷம்
ஹல் நகரத்து ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்த்தவள் நான்.
ஊர் மார்த்தாண்டம்.
திரும்பி வந்தபின் பார்ப்பவர் எல்லாம் கேட்கிறார்கள்,
"நம்ம சாப்பாட்டுக்கு ஏங்கிப் போயிருப்பியே?"
ஏங்கினேன், உண்மை.
இங்கே உட்கார்ந்து இப்போது
அந்தச் சாப்பாட்டுக்கு ஏங்குகிறேன் என்பதை
எந்த வாயால் சொல்வது?

காலை ஏழேகால். கேன்டீன். ஜன்னலில் நசநசவென்று மழை.
மொரீன் என்று ஒருத்தி,
முழங்கைவரை எண்ணெய் தெறித்த தழும்பு,
கேட்காமலே தட்டில் போடுவாள்:
ஓரம் கருகிய பன்றிக்கறிக் கீற்று,
அதே கொழுப்பில் பொரித்த ரொட்டி,
பாதியாய் வெட்டி வாட்டிய தக்காளி,
தித்திக்கும் பீன்ஸ்
முதல் வருஷம் முழுக்க அதைத் தட்டோரம் தள்ளிவைத்தேன்
பிறகு கறுப்பாய் ஒரு வட்டு.
"ரத்தம்," என்றாள், நான் பயப்படுவேன் என்று.
எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை
வெங்காயம் போட்டுப் பொரிப்போம் என்றேன்.
அன்றிலிருந்து எனக்கு இரண்டு வட்டு.

பழுப்புச் சாஸ் பாட்டிலின் முதுகில்
எறும்பு எழுத்தில் ஒருநாள் படித்தேன்: புளி.
பாட்டிலை அதன் இடத்திலேயே வைத்தேன்.
அழவில்லை.
தூக்கம் வந்தது.

முந்தாநாள் குன்னூரில் பெரிய ஓட்டல்.
தலைப்பாகைப் பையன் நாற்காலி இழுத்துவிட்டான்.
முழு ஆங்கிலக் காலை உணவு,
ஆயிரத்து நூற்றைம்பது, வரி தனி.
கோழி சாசேஜ். தக்காளிமேல் கொத்தமல்லித் தழை.
வெள்ளி மூடிக்குள் பீன்ஸ், ஆறிப்போய்.
எல்லாம் இருந்தது.
யாரும் கொட்டாவி விடவில்லை.
தங்கை பிள்ளைகள் பூரிக்காக இரண்டாம் முறை எழுந்து போனார்கள்.

நேற்று வெள்ளிக்கிழமை.
வெள்ளி என்றால் பப், மாவில் முக்கிப் பொரித்த மீன்,
மேலே வினிகர், மசித்த பட்டாணி.
அதற்குத்தான் ஹாலனைக் கேட்டேன்.
பப்ஸைப் பிய்க்கும்போது சிரிப்பு அடங்காமல்
பொருக்கு மூக்கில் ஏறியது.
கல்லாவில் இருந்த கோயாக்கா, வடகரைக்காரர்,
தண்ணீர் தந்து என்னவென்று கேட்டார்.
எல்லாம் சொன்னேன், கறுப்பு வட்டு உட்பட.
"பன்னி இந்தக் கடைப்படி ஏறாது," என்றார்.
"மத்தது பார்க்கலாம்.
காலையில அஞ்சே முக்காலுக்கு வாங்க."

தங்கையை எழுப்பாமல்
லாட்ஜ் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.
பனியில் தெருவிளக்கு இருந்தது, கம்பம் இல்லை.
கடைக்குள் காரட் ஏற்றிவந்த லாரி டிரைவர்,
ஏடிஎம் காவலாளி,
கவர்மெண்ட் ஆஸ்பத்திரி நர்சுகள் இரண்டு பேர்.

டால்டாவில் பொரித்த நேற்றைய ரொட்டி,
கண் திறந்த முட்டை இரண்டு, வாட்டிய தக்காளி,
மிளகு தட்டிப்போட்ட மலை அவரை.
பழைய ஜாம் பாட்டிலில் புளியிஞ்சி.
ரொட்டி ஒரு பக்கம் தீய்ந்திருந்தது.
அவரை இனிக்கவில்லை.
மேஜை ஆடியது.

எதிரே இருந்த நர்ஸ்
ஒரு கையால் சாப்பிட்டபடி
மறு கையால் ஷூவைக் கழற்றினாள்.
தாடை சொடுக்கும்படி ஒரு கொட்டாவி,
அது எனக்கும் தொற்றியது.
"டூட்டி முடிஞ்சுதாக்கா?"

"இப்பத்தான்," என்றேன்.
புளியிஞ்சியை அவள் பக்கம் நகர்த்தினேன்.