கே வரிசை, பதினான்கு

காலை ஐந்தேகாலுக்கு பாரோவிலிருந்து பஸ் கிளம்பும்.
கப்பல் தளத்து விளக்குகள் பின்னால் போகும்போதே
சண்டை முன்னால் வந்து உட்கார்ந்துவிடும்.
எங்களில் உட்காருவது அது ஒன்றுதான்.

டிக்கெட்டில் எண் பார்த்துப் பிரித்துக் கொடுப்பவன் நான்.
ஆகவே இரண்டு கட்சிக்கும் நானே துரோகி.

"காசு கொடுத்தது இருக்கைக்கு" என்பார் நோரீன் டைசன்.
புது இடுப்பெலும்பு வைத்துப் பதினொரு வாரம்.
"காசு கொடுத்தது கத்துவதற்கு" என்பான் ஜாரட்.
உட்கார்ந்து கத்தினால் வயிறு மடிந்து
குரல் பாதியில் நின்றுவிடுகிறதாம்.
"என் அம்மா உட்கார்ந்தபடியேதான்
தெருமுனை வரை கத்துவாள்" என்றார் நோரீன்.
லங்காஸ்டர் வரை அது வாதம்.
பர்மிங்ஹாம் தாண்டினால் வசவு.

கிளின் இதில் வாய் திறப்பதில்லை.
அந்த ஏப்ரல் சனிக்கிழமை
வேறொரு ஊரின் சட்டையில்
வேறொரு கம்பிவேலிக்குள் நின்றவர்.
எங்கே போனாலும் வரிசையின் கடைசி எண் கேட்பார்,
படிக்கட்டுப் பக்கம்.
கொடுத்துவிடுவேன்.

வெளியூராருக்கு மைதானத்தில் ஒரு மூலை. கூரை இல்லை.
குழாய்களைப் பூட்டிக் கட்டிய மேடை,
குதித்தால் அதுவும் குதிக்கும்.
கடற்காற்று மழையைப் படுக்கவைத்து அடித்தது.
முதல் விசிலுக்கே முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் எழுந்தோம்.
இல்லை, முந்நூற்றுப் பதினொன்று.

ஆரஞ்சு அங்கிப் பையன், மார்பில் டுண்டே என்று பெயர்,
"தயவுசெய்து உட்காருங்கள்" என்று படியேறி வந்தான்.
நான்காம் வரிசை மூன்றாம் வரிசையைக் காட்டியது.
மூன்றாவது இரண்டாவதை.
முதல் வரிசை ஆட்டக்காரர்களைக் காட்டியது:
அவர்களும் நிற்கிறார்களே, முதலில் அவர்களிடம் சொல்.
டுண்டே சிரித்துவிட்டான். வேலை போகாத அளவுக்கு.

எழுபது நிமிடம் நோரீன் பார்த்தது ஜாரட்டின் கோட்டை.
தையல் நூல் நீலம். ஒரே ஒரு இடத்தில் கறுப்பு.
எழுபத்தோராவது நிமிடம்
ஃபிளாஸ்க் மூடியால் அந்தக் கறுப்பின் மேல் தட்டினார்.
"உட்காரடா!"

அவன் திரும்பினான். முழுசாக.
பக்கத்திலிருந்தவன் சாட்சி சொல்லத் திரும்பினான்.
சமாதானம் பேச நான் திரும்பினேன்.
"நின்று பார்ப்பது எங்கள்..." என்று
ஜாரட் தொடங்கிய வாக்கியம் இன்னும் முடியவில்லை.

அவன் விலா விலகிய ஒரு சாண் சந்தில்
நோரீன் எதையோ பார்த்துவிட்டார்.
நாங்கள் பார்த்தது அவர் முகத்தை.
முதலில் வாய். பிறகு புருவம். பிறகு
மருத்துவர் சொன்ன கோணங்களையெல்லாம் மீறி
அந்தப் புது இடுப்பு எழுந்தது.

மேடை துள்ளியது. என் கழுத்துக்குள் யாருடைய தேநீரோ.
கிளின் கைப்பிடியை விடவில்லை, ஆனால் கத்தினார்.
நாங்கள் திரும்பியபோது
வலை ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

வீடு முந்நூறு மைலுக்கும் மேல்.
கோல் கைபேசிக்கு வந்துவிட்டது. ஜாரட் பார்க்க மறுத்தான்.
நோரீன் பக்கத்தில் போய்
உட்கார்ந்தான்.
"எப்படிப் போச்சு?"
"எது?"

மில்ட்டன் கீன்ஸ் வரை பிகு.
பிறகு: மூலையடி, முன்கம்பத்தில் ஒரு தலை,
எட்டாம் எண்காரனின் முழங்காலில் பட்டு உள்ளே.
ஸ்டாஃபோர்டில் மறுபடி கேட்டான். முழங்கால் இடதுகாலாகியிருந்தது.
பிரெஸ்டன் வருவதற்குள்
கோலியின் விரல்நுனியை உரசி,
கம்பத்தின் உட்பக்கம் முத்தமிட்டு,
மெதுவாக, மிக மெதுவாக.

கேட்க ஏழெட்டுப் பேர் நடைவழியில் நின்றார்கள்.
"பஸ் ஓடும்போது உட்காருங்கப்பா" என்றது ஒலிபெருக்கி.
ஒருவரும் அசையவில்லை.

அடுத்த ஆட்டத்தின் பட்டியலை விரித்தேன்.
நோரீன் பெயருக்கு நேராகப் பேனா தயங்கியது.
"அவன் பின்னாலேயே போடு" என்றார்,
"ஆனால் எந்த நிமிடம் திரும்புவான் என்று
முன்னமே கேட்டுச் சொல்."