நூற்று முப்பத்து நான்கு

மழை நாளில் வந்தார் மதிப்பீட்டாளர் விப்பிள்.
காலணியை வாசலில் துடைக்கவில்லை.
துடைத்தால்
எங்கள் வீட்டுக்குத் தரை இருப்பதை
ஒப்புக்கொண்டதாகிவிடும்.

சங்கிலி பிடித்து அளந்தார். கூரையைக் கம்பால் குத்தினார்.
புகைபோக்கிக்கு ஆறு டாலர்.
கோழிக்கூட்டுக்கு ஒன்றுமில்லை.
ஆற்று நாற்றத்துக்குப் பன்னிரண்டு கழிவு.

ஆறு எங்களுடையதில்லையே ஐயா என்றேன்.
வூன்சாக்கெட்டில் அது திங்களன்று நீலம்,
வியாழனன்று கருஞ்சிவப்பு,
ஆலையில் அன்று என்ன சாயமோ அதுதான்.
ஆலை அவருடைய மைத்துனருடையது.
பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினார்:
நூற்று முப்பத்தொன்று.

இங்கே பிறந்தவனுக்கு ஒரு டாலர் பதிவு வரி போதும்.
கடல் தாண்டி வந்தவனுக்கு
நூற்று முப்பத்து நான்கு டாலருக்கு நிலம் வேண்டும்,
அடமானம் போக.
ரோட் ஐலண்டின் சட்டம் அப்படி.
போரில் பாதிக் காதை விட்டுவந்த என் கணவர் கார்மக்
வாக்குப் பெட்டிக்கு மூன்று டாலர் தூரத்தில் நின்றார்.

மேயோவிலும் இப்படி ஒருவர் வந்ததுண்டு.
அதே சங்கிலி, அதே பென்சில், அதே நாக்கு.
அங்கே ஏற்றி எழுதினார்கள்.
பன்றி படுக்கும் இடத்தையும் சேர்த்து
என் மாமனார் தலையில் பன்னிரண்டு பவுன் விழுந்தது.
வரி ஏறியது. கூடவே வாக்கும் வந்தது,
ஊர் முன்னால் வாய்விட்டுப் பெயர் சொல்கிற வாக்கு.
சொன்னார்.
உருளைக்கிழங்கு தோண்டி முடிக்கும்வரை பொறுத்திருந்து
கூரையைப் பிரித்தார் நிலக்கிழார்.

கிணறு வெட்டினால் மதிப்பு கூடும் என்றார்கள்.
ஆலைச் சங்கு ஊதியபின்
அவர் தோண்டினார், நான் கல் சுமந்தேன்.
ஐந்தாம் வாரம் தண்ணீர்.
லேசாக நீலம்.
விப்பிளுக்கு ஒரு குவளை மொண்டு கொடுத்தேன்,
வாங்கவில்லை.
கிணறு: இரண்டரை டாலர்.

மிச்சம் ஐம்பது சென்ட்.

சுவர்க்கடிகாரத்தைக் காட்டினேன். இரும்புக் கொப்பரையைக் காட்டினேன்.
"அதெல்லாம் அசையும் பொருள், திருமதி டெவேனி.
சட்டம் கேட்பது அசையாச் சொத்து."
அசைந்து அசைந்தே இங்கு வந்து சேர்ந்தவர்களிடம்
கேட்கிற கேள்வியைப் பாருங்கள்.

நகர மண்டபத்தில் விசாரணை.
மேசைக்குப் பின்னால் நான்கு பேர், நான்கு மூக்குக்கண்ணாடி.
உள்பாவாடையில் தைத்து வைத்திருந்த
வரி ரசீதைப் பிரித்து நீட்டினேன்.
அதே வீடு. அதே விப்பிள். அதே கையெழுத்து.
நூற்று அறுபது டாலர் வீட்டுக்கு வரி கட்டியாயிற்று.

நால்வரும் ஒருமுறை படித்தார்கள்.
தலைவர் சொன்னார்:
"இது வரிப் புத்தகம், அது வாக்காளர் புத்தகம்."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாதென்பார்கள்.
இவர்களிடமோ ஒரே சுரைக்காய்,
ஓர் ஏட்டில் பானைபோல் பெருத்து,
மறு ஏட்டில் பிஞ்சாக.

பின்வரிசையில் தச்சர் லப்ளாண்ட் எழுந்தார்,
கனடாப் பிரெஞ்சுக்காரர்.
இருநூறு தந்து நானே வாங்கிக்கொள்கிறேன் என்றார்.
"உமக்கு இங்கே நிலம் உண்டா?"
இல்லை.
"அப்படியென்றால் உட்காரும்."

வீடுவரை கார்மக் பேசவில்லை.
காதின் அரைப்பகுதியைத் தேய்த்துக்கொண்டே நடந்தார்.
அன்றிரவு அந்த ரசீதை
நாலங்குல ஆணியால் சுவரில் அறைந்தேன்,
உத்திரம்வரை இறங்கும்படி.

கிணற்றுக் கல் சுமந்தவளின் பெயர்
இரண்டு புத்தகத்திலும் கிடையாது.
அது வேறு வழக்கு. அதற்கும் ஆணி இருக்கிறது.

அடுத்த வருடம் விப்பிள் வந்தார், அதே சேற்றுக் காலோடு.
கேட்டேன்:
ஐயா, இந்த ஆணி
அசையும் பொருளா, அசையாததா?

சிரிப்பார் என்று நினைத்தேன்.
குனிந்தார். இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.
மறுபடி, பல்லைக் கடித்துக்கொண்டு.
பிறகு
பென்சிலை நாக்கில் தொட்டார்.