மேல்வரிசை

மீக்கி பியூகெஸ் திரும்ப வந்துவிட்டார்,
பல்செட்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு.
கடிக்க முடிகிறதா? முடிகிறது.
ஈறில் புண்ணா? இல்லை.
களத்தில் காய்ந்த திராட்சை ஒரு கைப்பிடி
விதையோடு மென்று காட்டினார்.
பிறகென்ன?

"ஒலிஃபான்ட்ஸ்ஹூக்கில் இருக்கும் தம்பிக்குப் போன் செய்தேன், டாக்டர்.
ராங் நம்பர் என்று வைத்துவிட்டான்."

பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்கள் எங்கள் பக்கம்.
அப்பிங்டன் ஆஸ்பத்திரியில்
பல் வந்து சொல் போயிருக்கிறது.
இந்தப் புகாருக்குப் படிவம் கிடையாது.

அவர் பாஷையில்
நாக்கு நுனி முன்பல்லின் முதுகில் ஒட்டி
வெடுக்கென்று பிரிய வேண்டுமாம்.
நமக்குக் க், ச் போல
அவர்களுக்கு அது ஒரு மெய்.
நான் அங்கேதான்
அரை மில்லிமீட்டர் அக்ரிலிக்கைக் கூடுதலாக விட்டிருந்தேன்,
உறுதிக்கு.
வேலூரில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.
அந்த அரை மில்லிமீட்டருக்குள்
ஒரு தம்பியின் பெயர் சிக்கிக் கிடந்தது.

தேய்த்தேன். கழுவிக் கொடுத்தேன்.
மாட்டிக்கொண்டு, ஒருமுறை சொல்லிப் பார்த்து,
கழற்றி நீட்டினார்.
மறுபடி தேய்த்தேன்.
வெளியே பெஞ்சில் பதினோரு பேர்,
ஒருவர் கன்னத்தில் ஐஸ் பையோடு.
நான்காம் தடவை
நீட்டாமல் போனை எடுத்தார்.

அவர் ஒன்று சொல்ல
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
அப்புறம் இருவரும் ஒரே சமயத்தில்,
நிறுத்தாமல்.
இடையிடையே உச், உச் என்று.
பாவம், யார் வீட்டிலோ சாவு என்று நினைத்தேன்.
எங்கள் ஊர்க் காதுக்கு அந்தச் சத்தம்
இரக்கத்தைத் தவிர வேறெதையும் சொன்னதில்லை.

"மூன்று வருஷத்துக்கு முன்னால்
ஒரு பெட்டையாடு வாங்கிக்கொண்டு போனான்"
என்றார் ஆஃப்ரிகான்ஸில், போனைப் பொத்தியபடி.
"குட்டிகளுக்கும் சேர்த்துக் கேட்கிறேன்."

கையெழுத்துப் போடும்போது
சும்மா கேட்டு வைத்தேன்,
இந்தப் பாஷை பேச இன்னும் எத்தனை பேர்.
"மூன்று. அதில் எங்கள் பெரியப்பா மகனுக்கு
ஜூனில் பக்கவாதம்.
கேட்டுக்கொள்வான். சொல்லமாட்டான்."

என்னையறியாமல் உச்சுக் கொட்டினேன்.

கதவருகே போனவர் நின்றார்.
என்ன சொன்னாய்?
ஒன்றுமில்லை அம்மா, எங்கள் ஊரில் அது வெறும்...
"இல்லை. ஒரு சொல்லைத் தொடங்கினாய்.
முடி."

வாயைத் திறந்தபடி நின்றேன்,
அந்த அறையில்
முதல்முறையாக நான்.