அரைப்புள்ளி

செக்காலை ரோட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
விசா ஏஜென்ட் இளஞ்செழியன் சொன்னார்:
"அம்பது தாண்டியிருக்கணும், தாண்டிட்டீங்க.
வேலை பாக்கக் கூடாது, பாக்க மாட்டீங்க.
பணம் மட்டும் அக்கவுண்ட்ல
மாசக்கணக்கா அசையாமக் கெடக்கணும், ஆச்சி."

அசையாமல்.
வட்டிக்கு வட்டி பார்த்த வீட்டில் பிறந்தவளுக்கு
அது கெட்ட வார்த்தை போலக் கேட்டது.
எங்கள் ஆட்கள் கடல் தாண்டிய காலத்தில்
பணம்தான் இராப்பகலாக வேலை பார்த்தது.
இவர்கள் அதையும் ரிட்டையர் ஆகச் சொல்கிறார்கள்.
சரி என்று
மின்வாரியம் கொடுத்த முப்பத்திரண்டு வருடத்தை
மொத்தமாக ஒரு கணக்கில் படுக்க வைத்தேன்.

முகவரிக் கட்டத்தில் இடம் போதவில்லை.
பள்ளத்தூர் வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில்,
பின்வாசல் அடுத்த தெருவில்.
அதில் எனக்கென்று இருப்பது
இரண்டாங்கட்டில் வடக்கே ஓர் அறை,
எண்பத்தெட்டில் ஒரு பங்கு,
ஒரு வழக்கு.
அறைக்கு எண் கிடையாது.

அடுத்த கட்டத்தில் 'கணவரை இழந்தவர்' என்று டிக் அடித்தேன்.
சோலையப்பன் போய்ப் பதினோரு வருடம்.
கோயில் வரிக் கணக்கில் அன்று முதல் நான் அரைப்புள்ளி.
வரி பாதியானது.
எங்கே போகிறாய், யாரோடு போகிறாய், எப்போது வருவாய்
எதுவும் பாதியாகவில்லை.
விண்ணப்பத்தில் அரை என்று ஒரு கட்டமே இல்லை.
கட்டணமும் முழுசுதான்.
ரசீதை இரண்டு தடவை வாசித்தேன்:
நபர் ஒன்று.

விசாரிக்க வந்த போலீஸ்காரர்
முகப்பில் நின்று அண்ணாந்து பார்த்தார், தொப்பி விழும்வரை.
"இம்புட்டு வீட்ட விட்டுட்டு... அங்க யாரு இருக்கா?"
யாரும் இல்லை.
"அப்புறம் எதுக்கு?"
அதுக்குத்தான்.
என்ன எழுதிக்கொண்டார் தெரியாது.
பத்து நாளில் தாள் வந்தது: குற்றம் எதுவும் இல்லை.
அறுபத்தோரு வயதில் ஒன்றுகூட இல்லையா?
கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

தேவகோட்டை டாக்டர்
இல்லாத நோய்களின் பட்டியலை உரக்க வாசித்தார்.
காசம் இல்லை, தொழுநோய் இல்லை, யானைக்கால் இல்லை.
கடைசிப் பெயரை மட்டும் வாசிக்காமல்
கையெழுத்துப் போட்டார்.

ஏன் சியாங்மாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள்.
மலை, குளிர், மலிவு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.
நிஜம் என்னவென்றால்
மூன்று வருடம் முன்பு டூரில் போனபோது
கூட்டத்தைத் தவறவிட்டு ஒரு நூடுல்ஸ் கடையில் நின்றேன்.
கடைக்காரி ஒற்றை விரலைக் காட்டினாள்.
ஒருவருக்கா?
தலையாட்டினேன்.
பெஞ்சைத் துடைத்து உட்கார வைத்தாள்.
அதற்கு மேல் அவளுக்குக் கேள்வி இல்லை.

பங்காளி அருணாசலம் கோயம்புத்தூரிலிருந்து பேசினான்.
சாவியை யாரிடம் கொடுக்கிறாய் என்று மட்டும்.

விசா ஒட்டிய பாஸ்போர்ட்டை நீட்டியபடி
இளஞ்செழியன் குரலைத் தாழ்த்தினார்:
"ஒரே ஒரு தொல்லை, ஆச்சி.
தொண்ணூறு நாளைக்கு ஒரு தடவ அங்க ஆபீஸ்ல
இந்த அட்ரஸ்லதான் இருக்கேன்னு சொல்லணும்."

தொல்லையா?
வளவில் விளக்கு எரிந்தால் இருக்கிறாள்,
எரியாவிட்டால் இல்லை.
இந்த ஊரில் என்னைப் பற்றிய தகவல் அவ்வளவுதான்,
அதுவும் மின்வெட்டு நாளில் தப்பாகிவிடும்.
அங்கே ஓர் அரசாங்கம்
மூன்று மாதத்துக்கு ஒருமுறை தெரிந்துகொள்ள விரும்புகிறது.
டோக்கன் எடுத்து, வரிசையில் நின்று,
உமையாள், இருக்கிறேன் என்று சொன்னால்
முத்திரை குத்தித் தருவார்களாம்.

பஸ்ஸில் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.
முதல் தடவை தை மாதத்தில் வருகிறது.
அன்றைக்கு அந்தக் கத்தரிப்பூக் கண்டாங்கி.