நெடில்

யோயென்சூவில் பிப்ரவரி.
வகுப்பறைச் சன்னலின் உள்பக்கத்திலும் பனி.
ஒவுத்தி கரும்பலகையில் மூன்று வினைச்சொற்கள் எழுதினாள்.
நான்காவதற்குள் சுண்ணக்கட்டி தீர்ந்துவிட்டது.

சொபியா.
சட்டை அளவாக இருந்தால் சொபியா,
செவ்வாய் மூன்று மணி தோதுப்பட்டால் சொபியா,
அடித்துக்கொண்ட இருவர் சமாதானமானால்
அதுவும் சொபியாதான்.
புக்காவுவிலிருந்து வந்த ஃபுராஹா கை தூக்கினாள்:
"சட்டை தொளதொளவென்று இருந்தால்
சட்டையைப் பிடித்துத் தைப்பதா,
உடம்பை வளர்ப்பதா?"

அடுத்தது சொபெவுத்துவா,
இருக்கும் இடத்துக்கு மெல்ல மெல்லப் பொருந்துவது.
பாடப்புத்தகத்தில் ஒரு பனிமான்.
கோடையில் பொன்னாய் மின்னும் அதன் கண்
இருட்டுக் காலத்தில் நீலமாகிவிடுமாம்.
ஹேமின் நோட்டில் எழுதினான்:
மூக்கு பழகிவிட்டது. கண் இன்னும் இல்லை.

மூன்றாவது, வீடாகிப்போவது.
அரசாங்கக் கடிதங்களில் மட்டும் புழங்கும் சொல்.
அதற்கு ஒரு திட்டம், ஒரு கெடு, ஒரு கையெழுத்து.
எந்த வீட்டிலும் யாரும்
அதைச் சொல்லி அவன் கேட்டதில்லை.

எழுதப்படாத நான்காவதை வாயால் சொன்னாள்:
கூலுவா.
காதில் விழுவது.
ஒன்றைச் சேர்ந்ததாய் இருப்பது.
இரண்டுக்கும் ஒரே வினை.

நலம் விசாரிக்க இங்கே
"என்ன கேட்கிறது?" என்பார்கள்.
முதல் இரண்டு வருஷம் ஹேமின் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தான்:
"குளிர்சாதனப் பெட்டி.
மேல்மாடியில் யாரோ நாற்காலி இழுக்கிறார்கள்."

(கேள் என்றால் உறவு என்று
நம்மிடமும் ஒரு பழைய பொருள் உண்டு.
எந்தக் காட்டில் கிளைத்த மரத்துக்கு
எங்கே போய் நிழல்.)

வேற்றுமை உருபில்தான் சண்டை வந்தது.
ஊரைச் சேர்ந்தவன் என்று சொல்ல
"ஊரில்" போதாதாம், "ஊருக்குள்" வேண்டுமாம்.
"உள்ளேதானே இருக்கிறேன், எட்டு வருஷமாக.
இன்னும் ஏன் நுழைந்துகொண்டே இருக்க வேண்டும்?"
ஒவுத்தி யோசித்தாள்.
"நாங்களும் அப்படித்தான் சொல்கிறோம்," என்றாள்,
"பிறந்தவர்களும்."

இரவு, இலொமன்ட்சி சாலை, மைனஸ் இருபத்தொன்பது.
ஹேமின் ஓட்டும் பஸ் ஒரு மேட்டில் நின்றுபோயிற்று.
உள்ளே மூன்று பேர்.
அவர்களில் அர்வோ தினமும் கடைசி நிறுத்தம் வரை வருவார்,
இறங்காமல் திரும்புவார்.
ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு
"உனக்குக் கூலுவா இல்லை," என்றிருந்தார்.
உனக்குச் சம்பந்தமில்லாதது.
உன் காதுக்கு எட்டாதது என்றும் கொள்ளலாம்.

கரகரத்தது ரேடியோ. பணிமனையில் ரைலி:
"எழுபத்தொன்று, கூலூகோ?"
கேட்கிறதா என்கிறாள்.
வேறொன்றையும் கேட்கிறாள், தெரியாமலே.
அவன் தாமதித்தது இலக்கணத்தால் அல்ல,
கையுறையோடு பொத்தானை அழுத்த முடியவில்லை.
பல்லால் கையுறையைக் கழற்றி,
"கூலூ," என்றான்.
"சரி, மீட்பு வண்டி நாற்பது நிமிஷம். காப்பி இருக்கா?"

அர்வோவின் பிளாஸ்கில் இருந்தது.
மூடியில் ஊற்றி நீட்டியவர்
யாரும் கேட்காமலே சொன்னார்:
"உன் ரேடியோவில் யாராவது பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.
அதற்குத்தான் வருகிறேன்."

தேர்வில் கேட்டிருந்தார்கள்:
வாக்கியத்தில் அமைத்து எழுதுக.
ஹேமின் அந்த இரவை எழுதினான்,
மேட்டை, கையுறையை, மூடியிலிருந்த காப்பியை,
கடைசியில் தன் பதிலை.

ஒவுத்தி சிவப்பில் ஒரு எழுத்தைச் சேர்த்திருந்தாள்.
கூலு என்று குறிலில் நிறுத்தினால்
அது "இல்லை"யோடு மட்டும் வரும் வடிவம்.
நீட்ட வேண்டும்.

அன்று ரேடியோவில்
குறிலாய்ச் சொன்னானா நெடிலாய்ச் சொன்னானா என்று
அவனுக்கே நினைவில்லை.
வண்டி வந்துவிட்டது.